இருட்டில் எடுத்த ரா ஃபைலை வெளிச்சமாக்கினால்: பத்து வருட நாய்ஸ் அனுபவம்

2013-இல் கும்பகோணத்தில் அத்தை மகள் கல்யாணம். முகூர்த்தம் காலை நாலரையிலிருந்து ஆறு. கெட்டிமேளம் கொட்டுகிற நேரம் பார்த்து என் ஃப்ளாஷ் பேட்டரி உயிரை விட்டது. ஃப்ளாஷுக்காக வைத்திருந்த ஐஎஸ்ஓ (ஒளியின் சிக்னலைப் பெருக்கும் அளவு) 400, ஷட்டர் 1/125 நொடி, அப்பெர்ச்சர் (லென்ஸின் துவாரம்) எஃப் 4 எதையும் மாற்றத் தோன்றவில்லை, பதற்றம். தாலி கட்டும் ஏழு படங்களும் ஏறக்குறைய கறுப்பு. ரா ஃபைலில்தானே (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்தோம், ஏற்றிக்கொள்ளலாம் என்று தைரியமாக இருந்தேன்.

வீட்டுக்கு வந்து லைட்ரூம் என்ற படத் திருத்த மென்பொருளில் எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்சத்தை, நாலு ஸ்டாப் ஏற்றினேன் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு). முகங்கள் தெரிந்தன. கூடவே, மணப்பெண் தலைமுடியில் கலர் கோலப்பொடியைத் தூவியது போல ஊதாவும் பச்சையுமாகப் புள்ளிகள். அரக்குப் புடவையில் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு. பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அத்தை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "என்னடா இது, புடவையில இழை ஓடியிருக்கா?" என்றார். புடவைக் கடைக்குக் கிளம்பிவிடாமல் தடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அந்தக் கேமராவின் பெயர் வேண்டாம். அந்தக் காலத்து மாடல்கள் பலவற்றில் இந்தக் கோடு உண்டு.

அப்புறம்தான் இந்தப் புள்ளியும் கோடும், அதாவது நாய்ஸ், எங்கிருந்து வருகிறது என்று தேடத் தொடங்கினேன். முற்றத்தில் வரிசையாகக் கிண்ணங்களை வையுங்கள். தூறலில் ஒன்றில் மூன்று சொட்டு விழும், பக்கத்தில் இருப்பதில் ஏழு விழும். கொட்டும் மழையில் எல்லாம் ஒரே அளவாக நிறையும். கேமராவின் சென்சாரில் (படத்தைப் பதியும் சில்லு) ஒளி விழுவதும் இப்படித்தான். ஒரு பிக்சலில் சராசரியாக 10,000 ஃபோட்டான், அதாவது ஒளித்துகள், விழுந்தால் ஏற்ற இறக்கம் 100 அளவில், அதாவது 1 சதவீதம். 100 ஃபோட்டான்தான் விழுந்தது என்றால் ஏற்ற இறக்கம் 10, அது 10 சதவீதம். எக்ஸ்போஷர் ஸ்லைடரை இழுக்கும்போது மூன்றுக்கும் ஏழுக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தையும் சேர்த்துத்தான் பெருக்குகிறோம்.

கோடு வேறு சமாச்சாரம், அது கேமராவின் மின்சுற்று படத்தில் கலக்கும் சத்தம், காதில் கேட்பதல்ல. என் பழைய கேமராவில் ஐஎஸ்ஓ-வுக்கான பெருக்கம் முடிந்த பிறகுதான் இந்தச் சத்தத்தில் பெரும்பகுதி சேர்ந்தது. அதனால் படம் எடுக்கும்போதே ஐஎஸ்ஓ-வை ஏற்றியிருந்தால் சிக்னல் அந்தச் சத்தத்துக்கு மேலே எழும்பியிருக்கும். குறைந்த ஐஎஸ்ஓ-வில் எடுத்துவிட்டு கம்ப்யூட்டரில் ஏற்றியதால் சத்தமும் சேர்ந்து ஏறிவிட்டது.

2017-இல் செகண்ட் ஹேண்டில் நிக்கான் டி750 வாங்கினேன், 2014-இல் வந்த மாடல். வந்த அன்றே பூஜை அறையில் ட்ரைபாட் போட்டேன். ஷட்டரையும் அப்பெர்ச்சரையும் மாற்றாமல் ஒரு படம் ஐஎஸ்ஓ 1600, இன்னொன்று ஐஎஸ்ஓ 100. இரண்டாவதை நாலு ஸ்டாப் ஏற்றி, நூறு சதவீதத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மனைவியிடம் காட்டினேன். எது எது என்று அவளால் சொல்ல முடியவில்லை, எனக்கும் உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. இதே சோதனையைப் பழைய கேமராவில் செய்தபோது ஐஎஸ்ஓ 100 படம் கம்பளி போல இருந்தது, 1600 படத்தைத் தாராளமாகப் பிரிண்ட் போடலாம்.

'ஐஎஸ்ஓ-வைக் குறைத்தால் நாய்ஸ் குறையும்' என்பது அரை உண்மை. கேமராவை ஆட்டோ மோடில் வைத்து ஐஎஸ்ஓ-வைக் குறைத்தால் கேமரா ஷட்டரை மெதுவாக்கும், உள்ளே வரும் ஒளி கூடும், நாய்ஸ் குறையும். ஷட்டரையும் அப்பெர்ச்சரையும் கட்டிப்போட்டுவிட்டு ஐஎஸ்ஓ-வை மட்டும் குறைத்தால் ஒரு சொட்டு ஒளிகூட அதிகம் வராது. அன்று மண்டபத்தில் எஃப் 4-இலிருந்து எஃப் 1.8-க்கு (எண் குறைந்தால் துவாரம் பெரிது) வந்திருந்தாலே ஏறக்குறைய ஐந்து மடங்கு ஒளி கிடைத்திருக்கும். பையில் அந்த அளவு திறக்கும் 50 எம்எம் லென்ஸ் சும்மா கிடந்தது, அதைச் சொன்னால் இன்றும் வயிறு எரிகிறது.

இப்போது மண்டபத்தில் வேண்டுமென்றே இரண்டு ஸ்டாப் குறைத்து எடுக்கிறேன். குத்துவிளக்குச் சுடரும் மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியும் வெளுத்துப் போனால் திரும்பி வராது. இருட்டு திரும்பி வரும். டி750-இல் உள்ள ஹைலைட் வெயிட்டட் மீட்டரிங் (வெளிச்சமான இடம் வெளுக்காதபடி ஒளியை அளப்பது) இதற்கென்றே இருப்பது போலத் தோன்றும். இரண்டு ஸ்டாப் வரை ஏற்றினால் ஆல்பம் அளவில் யாரும் கண்டுபிடித்ததில்லை. மூன்றில் கறுப்பு முடி கொஞ்சம் சொரசொரப்பாகும். நாலைத் தாண்டினால் எந்தக் கேமராவானாலும் தூறல் தூறல்தான்.

யாரும் அதிகம் பேசாத ஒன்று மஞ்சள் பல்பு. அந்த வெளிச்சத்தில் நீலம் மிகக் குறைவு. ஒயிட் பேலன்ஸைச் (வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைத் திருத்துவது) சரி செய்யும்போது மென்பொருள் நீலச் சானலை மட்டும் தனியாகப் பெருக்குகிறது. ஏற்கெனவே இருட்டான படத்தில் அது இரட்டை அடி. கல்யாணப் படங்களின் நிழலில் நீலப் புள்ளிகள் மொய்ப்பது இதனால்தான். நான் இப்போது ஒயிட் பேலன்ஸை முழுக்க நேராக்குவதில்லை, விளக்கொளியின் மஞ்சள் கொஞ்சம் இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

சில வருடங்களாக மென்பொருள்களில் வரும் ஏஐ டினாய்ஸ் நிஜமாகவே நன்றாக வேலை செய்கிறது. ஆசை பிறந்து அந்த ஏழு படங்களையும் கொடுத்துப் பார்த்தேன். புள்ளிகள் மாயம். ஆனால் தலையில் இருந்த மல்லிகைச் சரம் மெழுகில் செய்தது போல ஆகிவிட்டது. ஜரிகையில் புடவையில் இல்லாத ஒரு டிசைன் முளைத்திருந்தது. அத்தை அதைக் கண்டுபிடிக்காமல் இருக்க மாட்டார்.

கடைசியில் ஒன்றை மட்டும் கறுப்பு வெள்ளையாக்கி, போஸ்ட் கார்டு அளவில் சின்னதாகப் பிரிண்ட் போட்டேன். நிறம் போனதும் ஊதாவும் பச்சையும் போய்விட்டன, மிச்சமிருந்தது பழைய ஃபிலிம் கிரெயின் மாதிரி தெரிந்தது. அத்தை வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். கோடு இன்னும் இருக்கிறது, எனக்கு மட்டும் தெரியும். அத்தை வருகிறவர்களிடம், "எங்க கல்யாணப் படம் மாதிரியே எடுத்திருக்கான் பாரு" என்கிறார்.