நடிகர் தேர்வை நடத்தித் தருகிறோம் என்றவர்களிடம் 38,000 ரூபாயை இழந்தோம்: நாடகக் குழுக்களுக்கும் பெற்றோருக்கும் ஓர் எச்சரிக்கை

கோபம் ஆறிய பின்பு எழுதுங்கள் என்று குழுவில் இருவர் சொன்னார்கள். ஆறிவிட்டால் நான் எழுத மாட்டேன் என்பது எனக்குத் தெரியும் என்பதால், சனிக்கிழமை நடந்ததைத் திங்கட்கிழமை இரவே எழுதுகிறேன்.

மட்டக்களப்பில் பதினொரு பேர் சேர்ந்து நடத்தும் சிறிய நாடகக் குழு ஒன்றுக்கு நான் பொறுப்பாக இருக்கிறேன். பகலில் பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் கற்பிக்கிறேன். எங்கள் குழுவின் சேமிப்பிலிருந்த 38,000 ரூபாயை, கலைஞர்களையும் நாடகக் குழுக்களையும் இணைத்து வைப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஓர் இணையத்தளத்திடம் கொடுத்து ஏமாந்திருக்கிறோம். பொலிஸில் முறைப்பாடு பதிவாகியிருப்பதனால் அந்தத் தளத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. தளத்தின் வகையைச் சொல்கிறேன், நடந்துகொண்ட விதத்தையும் சொல்கிறேன். அதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

கிழக்கில் ஐப்பசி பிறந்து மழை இறங்கிவிட்டால் தை வரைக்கும் திறந்த வெளியில் ஒரு நிகழ்ச்சியை நம்பி வைக்க முடியாது. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குகள் முடிந்த பின்பு வரும் வறண்ட மாதங்கள்தான் எங்களைப் போன்ற குழுக்களுக்கு வாய்க்கும் பருவம். இவ்வருடம் ஆகஸ்டில் நான்கு வார இறுதிகளுக்கு, எங்கள் ஊர்க் கூத்தின் இரு பாணிகளான வடமோடி, தென்மோடியில் வடமோடிக் கூத்தொன்றைச் சுருக்கி ஒன்றரை மணி நேர ஆற்றுகையாகவும் அதனுடன் இரண்டு குறுநாடகங்களையும் மேடையேற்றத் திட்டமிட்டிருந்தோம். அதற்குப் பதினான்கு நடிகர்கள் வேண்டும். குழுவிலுள்ள பதினொரு பேரில் மத்தளத்துக்கும் சல்லாரி எனும் கைத்தாளத்துக்கும் பிற்பாட்டுக்கும் ஒளியமைப்புக்கும் ஆட்களைக் கழித்தால், ஆட மிஞ்சுபவர்கள் நான்கு பேர். அவர்களில் ஒருவருக்கு முழங்கால் நோவு.

முன்பெல்லாம் ஊருக்குள் சொல்லி அனுப்பினாலே ஆட்கள் வந்துவிடுவார்கள். கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் ஒவ்வொருவரையும் பாடச் சொல்லிக் கேட்டு, நல்ல நாள் பார்த்து, அவரவர் பாத்திரத்துக்குரிய ஏடான சட்டத்தைக் கொடுத்து, மாதக்கணக்கில் பழக்குவார். அந்த இளைஞர்களில் பாதிப் பேர் இப்போது மத்திய கிழக்கில் இருக்கிறார்கள், மற்றப் பாதிப் பேரைக் கைத்தொலைபேசியின் வழியாகத்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. முகநூலில் அந்தத் தளத்தின் விளம்பரத்தைப் பார்த்தபோது இது நமக்கென்றே செய்தது போலிருக்கிறதே என்று நினைத்தது இதனால்தான். விளம்பரம் தயாரிப்பார்களாம், விண்ணப்பம் சேர்ப்பார்களாம், ஒவ்வொருவரிடமிருந்தும் இரண்டு நிமிடக் காணொளி பெற்று, தகுதியுடைய முப்பது பேரைத் தெரிந்தெடுத்து, பதினைந்து நிமிடத்துக்கு இருவர் வீதம் நேர அட்டவணையும் போட்டுத் தருவார்களாம். கட்டணம் 38,000 ரூபாய், இரண்டு தவணை.

விலையைக் கண்டு நான் மயங்கவில்லை. நான் நம்பிய கணம் வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கச்சான் காற்று யன்னல் கதவை அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், அந்தத் தளத்தின் கிழக்கு மாகாண இணைப்பாளர் என்று ஒரு தம்பி வட்ஸ்அப்பில் முகம் காட்டிப் பேசினார். வந்தவுடன் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. வடமோடியா தென்மோடியா என்று கேட்டார். பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கிப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனதைச் சொல்லி, சுருக்கிய கூத்துக்கு ஆட்டமும் பேச்சும் இரண்டும் தெரிந்த நடிகர் தேவைப்படுவார் என்றும், காணொளியில் முகத்தை மட்டும் காட்டாமல் கால்களும் தெரியும்படி எடுக்கச் சொல்ல வேண்டும் என்றும் தானாகவே சொன்னார். அந்த இடத்திலேயே நான் பாதி விழுந்துவிட்டேன். தேர்வுக் குழுவில் வயதான அண்ணாவியார் ஒருவரும் இருக்கிறார் என்று நான் சொன்னதும் அவர் கேட்ட கேள்விதான் மீதிப் பாதியை முடித்தது: "டீச்சர், அண்ணாவியாருக்குக் கதிரையா, பாயா? பாயென்றால் கெமராவைத் தாழ வைக்க வேணும்."

எங்கள் அண்ணாவியார் பாயில்தான் இருப்பார். அதைக் கேட்டறிய நினைத்த ஒருவர் எங்களை ஏமாற்றுவார் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அடுத்த நாள் காலையில் 20,000 ரூபாய் அனுப்பினேன். கணக்கு நிறுவனத்தின் பெயரில் இல்லாமல் ஒரு தனிநபரின் பெயரில் இருந்ததைக் கண்ணால் கண்டேன், கேட்டும் விட்டேன். "நிறுவனக் கணக்குப் பதிவில் இருக்கிறது அக்கா, இது எங்கள் காசாளருடையது" என்றார். டீச்சர் அக்காவானதையும் அப்போது நான் கவனிக்கவில்லை. பத்து நாள் கழித்து, காணொளிகள் வந்து குவிவதால் சேமிப்பிடம் வாங்க வேண்டும் என்று இரண்டாம் தவணையை முன்கூட்டியே கேட்டார். மிகுதி 18,000 ரூபாயையும் அனுப்பினேன். பற்றுச்சீட்டு என்று வந்தது ஒரு படம். அதில் முகவரியுமில்லை, பதிவிலக்கமுமில்லை.

38,000 ரூபாய் சிலருக்குச் சிறிய தொகையாகத் தோன்றலாம். எங்களுடைய ஒரு மத்தளத்தின் வலப்பக்கத் தோல் தளர்ந்துபோய், ஒவ்வொரு ஒத்திகைக்கு முன்பும் அதை வெயிலில் வைத்து எடுத்துத்தான் அடிக்கிறோம். அந்தத் தோலை மாற்றவும், புதிய சல்லாரி ஒரு சோடி வாங்கவும், உடுப்புகளுக்கு மணி வைத்துத் தைக்கவும் மூன்று நிகழ்ச்சிகளில் சேர்த்த பணம் அது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, இரவலாகப் பெற்ற மண்டபத்தைத் திறக்கப் போனேன். வாசலில் முப்பது பேருக்கு மேல் நின்றார்கள். ஒன்பது மணியாகும்போது நாற்பத்தொரு பேர். எல்லோருக்கும் எட்டரை மணி என்றே செய்தி போயிருந்தது. தெரிந்தெடுப்பும் இல்லை, அட்டவணையும் இல்லை. எனக்கு வர வேண்டிய காணொளிகளில் ஒன்றுகூட வரவில்லை. இதையெல்லாம் எப்படியாவது சமாளித்திருப்போம்.

திருக்கோவில் என்ற ஊரிலிருந்து முதல் பேருந்தில் மகளைக் கூட்டி வந்திருந்த ஒரு தகப்பனார் என்னிடம் வந்து, சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளொன்றை எடுத்து விரித்தார். கடலுக்குப் போகும் மனிதர். விரல் நுனிகளில் வலைக்கயிறு அறுத்த தழும்புகள் இருந்தன. தாளில் எங்கள் குழுவின் சின்னம், எங்கள் மாணவி ஒருத்தி வரைந்த அதே மத்தளம், அச்சாகியிருந்தது. அதன் கீழே, "தேர்வு நுழைவுக் கட்டணம் 750 ரூபாய் பெற்றுக்கொள்ளப்பட்டது" என்றிருந்தது. "டீச்சர், காசு கட்டினாத்தான் புள்ளைய உள்ளுக்கு எடுப்பம் எண்டு நீங்க சொன்னீங்களாமே. நேற்றுத்தான் கட்டினன், பிந்திப் போச்செண்டு வெளிய விட்டிராதீங்க" என்றார்.

நாங்கள் யாரிடமும் ஒரு சதமும் கேட்கவில்லை. நடிகர் தேர்வுக்கு வருபவரிடம் பணம் வாங்குவது எங்கள் ஊரில் வழக்கமுமில்லை. அந்த மனிதரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை என்பதுதான் காரணம். விசாரித்ததில் வந்திருந்த நாற்பத்தொரு பேருமே 750 ரூபாய் கட்டியிருந்தார்கள். கணக்குப் பார்த்தால் 30,750 ரூபாய். பணம் கட்டியும் அன்று வராதவர்கள் எத்தனை பேர் என்பது அந்தத் தளத்துக்குத்தான் வெளிச்சம். எங்களிடம் 38,000 ரூபாயை வாங்கி, அந்தப் பணத்தால் எங்கள் பெயரிலேயே விளம்பரம் செய்து, எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடமும் அறவிட்டிருக்கிறார்கள்.

அண்ணாவியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வந்த புள்ளையள நிக்க வெச்சிக்கொண்டு என்ன கதை? மத்தளத்தைக் கொண்டா" என்றார். தேர்வு தொடங்கியது. அவர் தேர்வு செய்யும் முறையை நாற்பது ஆண்டு காணொளி பார்த்தாலும் கற்க முடியாது. முதலில் நடந்து வரச் சொல்வார். பின்பு ஒரு தாளக்கட்டைச் சொல்லி, கால் எந்த அடியில் விழுகிறது என்று பார்ப்பார். பாத்திரம் மேடைக்கு வரும்போது பாடும் வரவுத் தருவின் ஓரடியைத் தானே பாடிக் காட்டித் திருப்பிப் பாடச் சொல்வார். சுருதி விலகினால் குறை சொல்லாமல், தன் குரலைச் சற்று இறக்கி மீண்டும் பாடுவார். அந்த இறக்கத்தைக் காதில் வாங்கித் தன்னைத் திருத்திக்கொள்ளும் பிள்ளையைத்தான் அவர் எடுப்பார். குறுநாடகத்துக்கு நான் எழுத்துருவில் ஒரு பக்கத்தைக் கொடுத்து, ஐந்து நிமிடம் பார்க்க விட்டு வாசிக்கச் சொன்னேன். திருக்கோவிலிலிருந்து வந்த அந்தப் பெண் பிள்ளை மூன்றாம் முறையில் சுருதியைப் பிடித்தாள். ஆண்களே பெண் வேடங் கட்டிய காலத்தில் பழகிய அண்ணாவியார், அவளுடைய பெயரை என்னை எழுதச் சொல்லி இரண்டு தடவை நினைவூட்டினார்.

ஆனால் ஒருவருக்குப் பத்து நிமிடம் என்றாலும் நாற்பத்தொரு பேருக்கு ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஆகும். மண்டபத்தை எங்களுக்கு ஒரு மணி வரைக்கும்தான் தந்திருந்தார்கள். இருபத்திரண்டு பேரைப் பார்த்து முடித்தோம். பத்தொன்பது பேர் வெயிலில் காத்திருந்துவிட்டு, பாடாமலேயே பேருந்தேறினார்கள்.

இனி, அந்தத் தளத்தார் தந்த பதில்கள். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த இணைப்பாளர் தம்பிக்கு நான் எடுத்த முதல் அழைப்புக்கு, "சிஸ்டத்தில் சின்னப் பிழை, அரை மணியில் சரியாகும் அக்கா" என்றார். பதினொரு மணிக்கு, அது கணக்குப் பிரிவின் வேலை என்றார். கணக்குப் பிரிவு என்று தரப்பட்ட இலக்கத்தில் ஒரு பெண் குரல், முறைப்பாட்டை எழுத்தில் அனுப்புங்கள், ஏழு வேலை நாட்களில் பதில் வரும் என்றது. எழுதினேன். முறைப்பாட்டு இலக்கம் ஒன்று தானாக வந்தது, பதில் வரவில்லை. ஞாயிறு காலை மீண்டும் அந்தத் தம்பியையே பிடித்தேன். நுழைவுக் கட்டணம் அறவிடலாம் என்று ஒப்பந்தத்தில் நான் உடன்பட்டிருப்பதாகச் சொன்னார். ஒப்பந்தம் ஒரே ஒரு பக்கம். அதை மூன்று முறை வாசித்தேன். அப்படியொரு வரி அதில் கிடையாது. அதைப் படம் பிடித்து அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பிற்பகலில் அவருடைய படம் மறைந்தது, அதற்குப் பின்பு அழைப்பும் போகவில்லை. அண்ணாவியாருக்குப் பாயா கதிரையா என்று கேட்ட அதே வாய்.

வங்கியில் கேட்டதற்கு, நானே விரும்பி அனுப்பிய பணம் உடனடியாக மறு கணக்கில் சேர்ந்துவிட்டதால் கணக்குரியவரின் சம்மதமின்றித் திருப்ப இயலாது என்றும், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியைத் தரும்படியும் சொன்னார்கள். கொடுத்திருக்கிறோம். 38,000 ரூபாய் திரும்பி வரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. பற்றுச்சீட்டுக் கொண்டுவந்திருந்த இருபத்தாறு பேருக்கு எங்கள் கையிலிருந்தே தலைக்கு 750 ரூபாய் வீதம் 19,500 ரூபாய் திருப்பிக் கொடுத்தோம். குழுவில் இதற்கு எதிர்ப்பும் இருந்தது. நாம் வாங்காத பணத்தை நாம் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது: தாளில் இருப்பது நம்முடைய மத்தளம்.

பணத்தைவிட என்னை உறங்கவிடாமல் வைத்திருப்பது அந்தக் காணொளிகள். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள், வீட்டுக்குள்ளும் முற்றத்திலும் நின்று ஆடிப் பாடி, பெயரும் பாடசாலையும் ஊரும் சொல்லி எடுத்தவை. இப்போது அவை யாருடைய கையில் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. நீக்கிவிடும்படி எழுதிய கடிதத்துக்கும் அதே தானியங்கி இலக்கம்தான் வந்தது.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் தொடங்கினேன், மணி பன்னிரண்டாகிறது. ஒரு நிறுவனத்துக்குக் கட்ட வேண்டிய பணத்தைத் தனிநபரின் கணக்குக்கு அனுப்பாதீர்கள். உங்கள் சின்னத்தின் மூலக் கோப்பை யாருக்கும் கொடுக்காதீர்கள். விண்ணப்பப் படிவத்தை நீங்களே ஒரு விண்ணப்பதாரியைப் போல நிரப்பிப் பாருங்கள். நான் அதைச் செய்திருந்தால் 750 ரூபாய்க் கதை முதல் நாளே வெளிப்பட்டிருக்கும். பெற்றோர், பணம் கேட்டால் குழுவின் பொறுப்பாளரை நேரில் அல்லது அவருடைய பாடசாலையில் விசாரித்த பின்பே முடிவெடுங்கள். பிள்ளையின் காணொளியில் பாடசாலைப் பெயரைச் சொல்ல விடாதீர்கள். ஏமாந்தவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 எனும் தொலைபேசி இலக்கத்திலும் முறையிடலாம்.

பாடாமல் திரும்பிய பத்தொன்பது பேருக்கும் வரும் ஞாயிறு காலை மீண்டும் தேர்வு வைத்திருக்கிறோம், கட்டணம் எதுவுமில்லை. ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு நேரத்தை நானே கொப்பியில் எழுதி, தனித்தனியே அழைத்துச் சொல்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கல்முனையிலிருந்து ஒரு தாயார் அழைத்தார். கட்டிய 750 ரூபாயைத் திருப்பித் தருவதற்கு முதலில் 300 ரூபாய் "மீளளிப்புக் கட்டணம்" அனுப்பும்படி, எங்கள் குழுவின் பெயரில், வேறொரு இலக்கத்திலிருந்து அவருக்குச் செய்தி வந்திருக்கிறதாம். அது நாங்கள் அல்ல. அனுப்பாதீர்கள்.