சினிமாவுக்கு ஸ்டார் போடும் வேலை என்று மெசேஜ் வந்தால் நம்பாதீர்கள்: என் 61,000 ரூபாய் போன விதம்

திருப்பூர், ஈரோடு, கோவைப் பக்கம் கூடுதல் வருமானம் தேடிக்கொண்டிருக்கிற எல்லோரும் இதைப் படியுங்கள், முக்கியமாகப் பெண்கள். வீட்டில் இருந்தபடியே படங்களுக்கு ரேட்டிங் போடலாம், ஒரு ரிவ்யூவுக்கு 50 ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் வந்த மெசேஜை நம்பி ஒரே வாரத்தில் 61,000 ரூபாயை விட்டிருக்கிறேன்.

நான் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் கணக்கு எழுதுகிறேன். 2025 ஆகஸ்டு 27-லிருந்து அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் எங்களுக்கு ஆர்டர் குறைந்துவிட்டது. ஒன்றரை ஷிப்ட் ஓடிய இடத்தில் ஒரு ஷிப்ட் ஓடினாலே பெரிய விஷயம். சனிக்கிழமை கையில் வாங்கும் சம்பளம் மளிகைக்கும் சீட்டுக்குமே சரியாகப் போனது. அந்த நேரம் பார்த்துத்தான் மெசேஜ் வந்தது.

அப்போது தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்த ஒரு த்ரில்லர் படத்துக்கு ஐந்து ஸ்டார் போட வேண்டும் என்றார்கள். நண்பர்கள் ஒரு வீட்டில் கூடுகிறார்கள், ஒவ்வொருவரும் மறைத்து வைத்திருந்தது ஒவ்வொன்றாக வெளியே வருகிறது, அப்புறம் ஒரு சாவு. இதுதான் கதை. படத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஓடுகிற படம் என்றால் ஜனங்கள் நம்புவார்கள் என்று திருடர்கள் அதை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். படம் எடுத்தவர்களை இதில் இழுப்பது பாவம்.

எழுத வேண்டியதைக்கூட அவர்களே அனுப்பினார்கள். "கடைசி இருபது நிமிடம் மூச்சு விட மறந்துவிடுவீர்கள்" என்று ஒரு வரி. நான் படத்தைப் பார்க்கவே இல்லை. அப்படியே ஒட்டி, ஐந்து ஸ்டார் போட்டு, ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினேன். இப்படி மூன்று படங்களுக்குப் போட்ட மூன்று ரிவ்யூவுக்கு 150 ரூபாய் பத்து நிமிடத்தில் கணக்கில் ஏறியது. அந்த 150 ரூபாய்தான் தூண்டில் புழு.

பிறகு டெலிகிராம் குரூப்பில் சேர்த்தார்கள். அங்கே ஒரு பெண் 'டியூட்டர்'. அவள் பேசும் தமிழ் சுத்தமாக, மரியாதையாக இருக்கும். மற்றவர்கள் எல்லாம் வந்த பணத்தின் ஸ்க்ரீன்ஷாட்டைப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். அவ்வளவு பேரும் அவர்கள் ஆட்கள்தான் என்று இப்போது தெரிகிறது. 1,000 ரூபாய் கட்டினால் 1,300 என்றார்கள். கட்டினேன், 1,300 வந்தது. வெள்ளிக்கிழமை 5,000 கட்டினேன். இந்த முறை பணம் திரும்பி வரவில்லை. "இது மூன்று படி சேர்ந்த டாஸ்க்ங்க மேடம், முடித்தால்தான் எடுக்க முடியும். உங்களோடு இன்னும் நான்கு பேர் சேர்ந்திருக்கிறார்கள், நீங்கள் விட்டால் அவர்கள் பணமும் மாட்டிக்கொள்ளும்" என்றாள். அந்த நான்கு பேரும் என்னிடம் கெஞ்சினார்கள். ஒருத்தி, பிள்ளைக்கு ஆபரேஷன் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காலேஜ் தோழிகள் நாங்கள் நான்கு பேர் கோவையில் கூடினோம். ஒருத்தி கோபியிலிருந்து வந்தாள், ஒருத்தி பொள்ளாச்சி, ஒருத்தி அங்கேயே பீளமேட்டில் இருக்கிறாள். பீளமேட்டுக்காரி டிக்கெட் போட்டு வைத்திருந்தது அதே படத்துக்கு.

படம் முடிந்து பேக்கரியில் உட்கார்ந்தோம். பொள்ளாச்சிக்காரிக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது. இடைவேளைக்கு முன்னால் ஒருத்தன் போனை இன்னொருத்தன் எடுத்துவிடுகிற காட்சியில் தியேட்டரே கப்சிப் ஆனதை இரண்டு தரம் சொன்னாள். கோபிக்காரி ஒத்துக்கொள்ளவில்லை. கொலை செய்தது யார் என்று பாதியிலேயே தெரிந்துவிட்டது, அதற்கப்புறம் ஆளுக்கொரு ஃப்ளாஷ்பேக் வைத்து இழுத்துவிட்டார்கள் என்றாள். அவள் சினிமாப் பைத்தியம். 2016-ல் வந்த ஒரு இத்தாலியப் படத்தில்தான் நண்பர்கள் விருந்து மேஜையில் போனை நடுவில் வைத்து விளையாடுவார்கள், அதை 18 தடவை வேறு வேறு மொழியில் எடுத்ததாக 2019-லேயே கின்னஸில் ஏறிவிட்டது, இது அதே வாசனை என்றாள். எங்கள் பின்வரிசையில் க்ளைமாக்ஸுக்குக் கை தட்டியவர்களும் இருந்தார்கள், சிரித்தவர்களும் இருந்தார்கள். நல்ல த்ரில்லருக்கு இப்படி இரண்டு பேச்சும் வருவது சகஜம்தான்.

அப்போது பீளமேட்டுக்காரி போனை எடுத்து, "இதை நம்பித்தான் புள்ள டிக்கெட் போட்டேன், எண்ணூறு ரூபாய் தண்டம்" என்று ஒரு ரிவ்யூவை வாசித்தாள். கடைசி இருபது நிமிடம் மூச்சு விட மறந்துவிடுவீர்கள்.

என் வரி. வேறு பெயரில் வேறு யாரோ போட்டதாகவும் இருக்கலாம். எனக்கு அனுப்பியதை நூறு பேருக்கு அனுப்பியிருப்பார்கள். ஆனால் நானும் போட்டவள். கையில் இருந்த தேங்காய் பன் அப்படியே நின்றது. சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அந்த நேரம் மடியில் இருந்த போன் அதிர்ந்தது: இரண்டாவது படி 18,000, முப்பது நிமிடம்தான் டைம். மேஜைக்கு அடியில் கையை வைத்து அனுப்பிவிட்டு, "டீ ஆறிப்போச்சு" என்றேன்.

திங்கள் காலை மூன்றாவது படி, 38,000. ஒரு ஜோடி கம்மலை அடகு வைத்தேன். அவர்கள் கொடுத்த வெப்சைட்டில் என் கணக்கில் 84,600 இருப்பதாகக் காட்டியது. எடுக்கப் போனால் வரி 27,000 கட்ட வேண்டுமாம். செவ்வாய் இரவு கோபிக்காரிக்குப் போன் செய்து, பாப்பாவுக்கு ஸ்கூல் ஃபீஸ் என்று 27,000 கேட்டேன்.

"ராத்திரி பத்து மணிக்கு எந்த ஸ்கூல் புள்ள ஃபீஸ் வாங்குது?" என்றாள். கொஞ்ச நேரம் நான் பேசவில்லை. அப்புறம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தேன், என்றகிட்டச் சொல்லோணும்னு தோணலையா?" என்று கேட்டாள். பேக்கரியிலேயே சொல்லியிருந்தால் 38,000 போயிருக்காது. கம்மலும் வீட்டில் இருந்திருக்கும்.

லைனை வைக்காமலேயே, இன்னொரு போனில் 1930-க்கு அடிக்கச் சொன்னாள். இணையப் பண மோசடிக்கான நாடு முழுவதற்குமான உதவி எண் அது. எந்தத் தேதி, எவ்வளவு, எந்த யுபிஐ ஐடிக்குப் போனது, பரிவர்த்தனையின் 12 இலக்க எண் என்ன என்று கேட்டார்கள். புகார் எண் மெசேஜில் வந்தது. அடுத்த நாள் மாநகர சைபர் க்ரைம் காவல் நிலையத்துக்குப் போனேன். என்னைத் திட்டாமல் உட்கார வைத்து எழுதி வாங்கினார்கள்.

மூன்று தடவையும் மூன்று வேறு ஆட்களின் கணக்கு. கமிஷனுக்காகக் கணக்கை வாடகைக்கு விட்டவர்களாம். ஒவ்வொரு தடவையும் ஐடி மாறும்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எந்தக் கம்பெனியும் இப்படி வாங்காது. வெள்ளியும் ஞாயிறும் போன பணம் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது. திங்களன்று போனதில் 11,400 மட்டும் அந்தக் கணக்கில் மிச்சம் இருந்தது, முடக்கியிருக்கிறார்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் பிடிக்க முடியும் என்று ஒரு காவலர் சொன்னார். அதனால் உங்களுக்கு நடந்தால் விடியட்டும், வீட்டுக்காரரிடம் பதமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். முதலில் 1930. லைன் கிடைக்காவிட்டால் சைபர்க்ரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் நீங்களே பதியலாம். அவர்களோடு நடந்த மெசேஜ் பேச்சை அழித்துவிடாதீர்கள், எனக்கு அதுதான் சாட்சியாக உதவியது.

இன்னொன்று. புகார் கொடுத்த நாலாம் நாளே, போன பணத்தை மீட்டுத் தருகிறோம், 3,000 கட்டுங்கள் என்று வேறொரு நம்பரிலிருந்து மெசேஜ் வந்தது. அதுவும் அதே வகை ஆட்கள்தான். பதில்கூடப் போடவில்லை.

வீட்டில் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் அவரே பேங்குக்கு என்னோடு வந்தார். பீளமேட்டுக்காரியிடமும் சொல்லிவிட்டேன். நான் ஒட்டிய ரிவ்யூக்கள் மூன்றையும் எடுத்துவிட்டேன். பார்த்த அந்த ஒரு படத்துக்கு மட்டும் என் வாக்கியத்தில் எழுதிப் போட்டிருக்கிறேன்: இடைவேளை வரை நன்றாக இருக்கிறது, முடிவை இழுத்துவிட்டார்கள், மூன்று ஸ்டார்.