ஹாஃப் மாரத்தான் என்று சொல்லி 20.4 கிலோமீட்டர்: டெல்டா ரேஸுக்குப் பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

காவிரி டெல்டாவின் நடுத்தர நகரம் ஒன்றில் சம்பா அறுவடை நேரத்தில் நடந்த ஹாஃப் மாரத்தானில் ஓடியவர்கள் பலரும் சொல்லும் குறைகள் ஒன்றுபோலவே இருக்கின்றன: தூரம் குறைவு, பாதியில் தண்ணீர் இல்லை, ரிசல்ட் தப்பு. நடத்தியவர்களின் பெயரைப் போடவில்லை. பேர் மாற்றி, லோகோ மாற்றி அடுத்த சீசனில் பக்கத்து ஊரில் பேனர் கட்டிவிடலாம் என்பதால் பெயரைத் தெரிந்துகொண்டு பெரிய லாபமும் இல்லை. எங்கே கை வைத்தார்கள் என்பது தெரிந்தால் போதும். டீ-சர்ட் நன்றாகவே இருந்தது. மெடல் கனமாக இருந்தது. பொங்கலில் முந்திரிகூடக் கிடந்தது. மிச்சம் பிடித்ததெல்லாம் போட்டோவில் விழாத இடங்களில்.

தூரத்திலிருந்து ஆரம்பிக்கலாம். ஹாஃப் என்றால் 21.0975 கிலோமீட்டர். இங்கே ஓடி முடித்தவர்களின் ஜிபிஎஸ் வாட்சுகள் 20.4-ஐ ஒட்டியே நின்றன. ஒரு வாட்ச் பிசகலாம், அது சகஜம். ஆனால் ரோட்டு ரேஸில் ஜிபிஎஸ் பெரும்பாலும் கூட்டித்தான் காட்டும். முறையாக அளந்த ஹாஃபில் 21.2, 21.3 என்று வருவதே வழக்கம். ஆட்களை முந்த விலகி ஓடுகிறோம், வளைவில் உள்பக்கத்தை ஒட்டியே போவதில்லை. வெவ்வேறு கம்பெனி வாட்சுகள் பத்தும் 21-க்குக் கீழே நின்றால் கோளாறு பாதையில்தான்.

குறைந்தது எப்படி என்பதும் ஓடியவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஊருக்குள் தொடங்கி ஆற்றங்கரைச் சாலையில் போய்த் திரும்பும் பாதை. திரும்ப வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்பாகவே சாலையின் பாதி அகலத்துக்கு நெல் காயப்போட்டு, ஓரத்தில் கல் அடுக்கி வைத்திருந்தார்கள். யு-டர்ன் கோன் அந்த நெல்லுக்கு இந்தப் பக்கமே நின்றது. கோனை 350 மீட்டர் முன்னால் வைத்தால் போக 350, வர 350, ஆக 700 மீட்டர் காலி. கோன் நிற்க வேண்டிய இடத்தில் பெயின்ட் குறி இல்லை. இன்ன எண் மின்கம்பத்துக்கு நேராக என்று எழுதிய தாளும் வாலன்டியர் கையில் இல்லை. நெல் காயப்போட்டவர்களைக் குறை சொல்வதில் நியாயமே இல்லை. ஜனவரி, பிப்ரவரியில் டெல்டாவில் ரோடு களமாவது ஊரறிந்த விஷயம். குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரிலும் அதே கதைதான். முந்தின நாள் சாயங்காலம் பாதையை ஒருமுறை வண்டியில் சுற்றிப் பார்த்து, யு-டர்னில் குறையும் 700 மீட்டரை வேறு இடத்தில் சேர்த்திருந்தால் முடிந்துபோயிருக்கும்.

700 மீட்டர்தானே என்று கேட்பவர்களுக்கு: இந்தப் பாதையில் 1 மணி 58 நிமிடத்தில் முடித்தவரின் பேஸ், அதாவது ஓடும் வேகம், கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 47 விநாடி. அதே பேஸில் முழு ஹாஃப் ஓடினால் 2 மணி 2 நிமிடம் ஆகும். முதன்முறையாக இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிட்டோம் என்று ஸ்டேட்டஸ் போட்டவர்களில் பலர் உண்மையில் வரவில்லை. அந்த நேரத்தைக் காட்டிப் பெரிய நகர மாரத்தானில் முன்வரிசை வாங்கினால் அங்கே பின்னால் வருபவர்களுக்கு இடைஞ்சல். அதை நம்பி ஃபுல் மாரத்தானுக்கு டிரெய்னிங் பேஸ் போட்டால் முப்பது கிலோமீட்டருக்கு மேல் கால் சொல்லிக் காட்டும்.

பாதையை அளக்க உலகம் முழுக்க ஒரே முறைதான். சைக்கிளின் முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுன்ட்டர் என்ற சின்னக் கருவியைப் பொருத்துவார்கள். ஸ்டீல் டேப்பால் அளந்த நேரான துண்டில் அந்தச் சைக்கிளை ஓட்டி, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை எண் ஓடுகிறது என்று கணக்கெடுப்பார்கள். பிறகு பாதை முழுக்க மிகக் குறுகிய கோட்டில், வளைவுகளில் சாலையோரக் கட்டையிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி ஓட்டுவார்கள். அளந்து முடித்ததும் திரும்பவும் அதே துண்டில் சரிபார்ப்பு. வெயில் ஏறினால் டயரில் காற்று விரிந்து கணக்கு மாறும் என்பதால். கடைசியில் ஆயிரத்துக்கு ஒன்று கூட்டுவார்கள், ஹாஃபுக்கு 21 மீட்டர், எக்காரணம் கொண்டும் குறைந்துவிடக் கூடாது என்று. இங்கே அளந்தது பைக் டிரிப் மீட்டரில் என்பது கமிட்டி ஆட்களே சொன்னது. டிரிப் மீட்டர் இரண்டு சதவீதம் கூட்டிக் காட்டினாலே ஹாஃபில் 400 மீட்டருக்கு மேல் குறைந்துவிடும். இந்த முறை கோன் முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.

ஆகவே பணம் கட்டும் முன் கேளுங்கள்: யார் அளந்தது, எந்த ஆண்டு, எதை வைத்து? சர்வதேச அளவீட்டுச் சான்று இருந்தால் பாதை மாறாதவரை ஐந்து ஆண்டு செல்லும். நடுத்தர ஊர் ரேஸில் சான்று இல்லாமல் இருக்கலாம், அதைப் பெரிய குற்றமாகச் சொல்ல மாட்டோம். ஆனால் யு-டர்ன் எந்த இடம் என்று மேப்பில் புள்ளி வைத்துக் காட்ட முடியாதவர்கள் ரேஸ் அன்றும் காட்ட மாட்டார்கள். “கூகுள் மேப்ல பாத்துட்டோம் சார், கரெக்டா வரும்” என்பது பதிலே இல்லை.

அடுத்து ஃபிளாக் ஆஃப். ஐந்தரைக்கு என்று போட்டிருந்தது. சிறப்பு விருந்தினர் வந்து, பொன்னாடை போர்த்தி, மேடையில் இருந்த எல்லோரும் ஆளுக்கு இரண்டு வார்த்தை பேசி, ஜூம்பாவும் ஆடி முடிக்க ஆறு இருபது. நம்மூரில் இது நடக்காத விழா ஏது என்று விட்டுவிடலாம், ரேஸில் விட முடியாது. காரணம் இரண்டு. ஒன்று வெயில். ஜனவரியில் இங்கே சூரியன் ஆறரை மணி வாக்கில் உதிக்கும். ஐந்தரைக்குக் கிளம்பி மூன்று மணி நேரத்தில் முடிப்பவர் எட்டரைக்கு வந்து சேர்வார்; ஆறு இருபதுக்குக் கிளம்பினால் ஒன்பது இருபது. காலைப் பனியும் ஆற்றோர ஈரமும் சேர்ந்து வியர்வை காயாமல் உடம்பிலேயே நிற்கும், உடம்புச் சூடு இறங்காது. அதன்மேல் வெயிலும் ஏறினால் கடைசி ஐந்து கிலோமீட்டரில் ஆட்கள் விழுவார்கள்.

இரண்டாவது காரணம் இதைவிட மோசம். போலீஸ் அனுமதி ரேஸ் நேரத்தைப் பார்த்துக் கொடுப்பதில்லை, கடிகாரத்தைப் பார்த்துக் கொடுப்பது. எட்டரை வரை என்றால் எட்டரைக்குத் தடுப்பை எடுத்துவிடுவார்கள். நீங்கள் எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள் என்பது அவர்கள் கவலை இல்லை. மூன்றரை மணி நேர கட்-ஆஃப், அதாவது ஓடி முடிக்கக் கடைசி நேரம், என்று விளம்பரம் செய்த ரேஸில், இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு மேல் எடுத்த அத்தனை பேரும் டவுன் பஸ்ஸுக்கும் வைக்கோல் ஏற்றிய டிராக்டருக்கும் நடுவில் ஓடி வந்தார்கள். பதிவு செய்யும்போதே சாலை எத்தனை மணி வரை மூடியிருக்கும் என்று கேட்டு வாங்குங்கள். கட்-ஆஃப் நேரத்துக்கு மேல் ஒரு மணி நேரமாவது கையிருப்பு இல்லை என்றால், மெதுவாக ஓடுகிறவர்கள் அந்த ரேஸுக்குப் போகாமல் இருப்பதே நல்லது.

பாதையில் ரயில்வே கேட் இருக்கிறதா என்றும் பாருங்கள். டெல்டாவில் நகரத்தை விட்டு எந்தப் பக்கம் வெளியே வந்தாலும் ஒரு கேட் குறுக்கே வரும். ரயில் மாரத்தானுக்காக நிற்காது. இந்த ரேஸில் கேட் போட்டபோது நடுவில் இருந்த கூட்டம் அப்படியே நின்றது, சிப்பில் பதிவாகும் அவர்களின் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. சிலர் குனிந்து அடியில் புகுந்து போனார்கள். அது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து.

தண்ணீர்க் கணக்கு. பத்து கிலோமீட்டருக்கு மேற்பட்ட ரோட்டு ஓட்டத்துக்கு ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் என்பது சர்வதேச விதி. நம் வெக்கைக்கு இரண்டரை கிலோமீட்டருக்கு ஒன்று வேண்டும். இங்கே ஐந்துக்கு ஒன்று இருந்தது, அதுவும் வெறும் மேஜையாக. ஆயிரம் பேர், ஆளுக்கு 150 மில்லி என்றால் 150 லிட்டர், எட்டு கேன் போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். போய்த் திரும்பும் பாதையில் ஒரே மேஜையை ஒவ்வொருவரும் இரண்டு தடவை கடப்பார்கள் என்பது விட்டுப்போயிற்று. தலையில் ஊற்றிக்கொள்வது, கைதவறிக் கொட்டுவது எல்லாம் சேர்த்தால் மேஜைக்கு இருபது லிட்டர் கேன் இருபது வேண்டும். ஊருக்குள் இருக்கும் முதல் மேஜைக்குப் பத்து கிலோமீட்டர் ஓடுகிற கூட்டமும் வரும், அங்கே இன்னும் பத்து. போதாததற்கு கேன் குழாயில் ஒவ்வொரு கப்பாகப் பிடித்துக் கொடுத்தார்கள். நிமிடத்துக்கு நாற்பது பேர் வரும் இடத்தில் அது நடக்கிற காரியமா? கப்பை முன்கூட்டியே நிரப்பி, மேலே அட்டை வைத்து, அதன்மேல் இரண்டாவது அடுக்கு அடுக்க வேண்டும். முன்னால் ஓடியவர்களுக்கு எல்லாம் கிடைத்தது. திரும்பி வரும்போது பதினைந்தாவது, பதினாறாவது கிலோமீட்டரில் வந்தவர்கள் கவிழ்த்து வைத்த கேன்களைத்தான் பார்த்தார்கள்.

எலக்ட்ரோலைட் என்று கொடுத்த பானத்திலும் கவனம் தேவை. ஓஆர்எஸ் பொடி என்றால் 21 கிராம் பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். அரை லிட்டரில் கலக்கினால் உப்பும் சர்க்கரையும் இரட்டிப்பாகி வயிற்றைப் பிரட்டும். இங்கே வாளியில் கைக்கணக்காகக் கொட்டிக் கலக்கினார்கள். ஓடுகிறவர்கள் இடுப்பு பெல்ட்டில் 250 மில்லி பாட்டில் இரண்டு, சரியாகக் கலந்தது, எடுத்துப் போவது எப்போதும் உத்தமம். அதே நேரம் தாகமில்லாமல் வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து; ரத்தத்தில் சோடியம் இறங்கி மயக்கம் வரும், மூன்று மணி நேரத்துக்கு மேல் மெதுவாகப் போகிறவர்களுக்கே இது அதிகம்.

மருத்துவ ஏற்பாடு: ஃபினிஷில் ஒரு ஆம்புலன்ஸ், ஒரு டேபிள், பெயின் ஸ்பிரே. ஐஸ் இல்லை. வெயிலில் ஓடி விழுந்தவர் தடுமாறிப் பேசினால், ஆள் அடையாளம் தெரியாமல் முறைத்தால், அது ஹீட் ஸ்ட்ரோக் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் வண்டியில் ஏற்றுவது. ஐஸ் போட்ட தண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை உட்கார வைப்பதுதான் சரியான வழி. அது இல்லையென்றால் ஐஸ் தண்ணீரில் நனைத்த துண்டை உடம்பு முழுக்கப் போட்டு, நிமிடத்துக்கு ஒரு தடவை மாற்றி, விசிற வேண்டும். அரை மணி நேரத்துக்குள் சூடு இறங்க வேண்டும். இங்கே சுயநினைவு சரியில்லாத ஒருவருக்கு வாயில் குளுக்கோஸ் தண்ணீர் ஊற்றினார்கள். அப்படிச் செய்யவே கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். தொட்டி இருக்கிறதா, ஐஸ் எத்தனை பார் என்று கேட்டால் நடத்துபவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஐஸ் கம்பெனியும் மீன் மார்க்கெட்டும் இல்லாத ஊர் டெல்டாவில் எது?

டைமிங்கில் சுருக்கமாக. பிப்பில் (நெஞ்சில் குத்தும் எண் அட்டை) ஒட்டிய சிப்பைப் படிக்கும் மேட் (தரையில் விரிக்கும் பாய்) ஸ்டார்ட்டிலும் ஃபினிஷிலும் மட்டும் இருந்தது, யு-டர்னில் இல்லை. பாதியில் திரும்பியவருக்கும் முழுதாக ஓடியவருக்கும் ஒரே சான்றிதழ், வயதுப் பிரிவுப் பரிசிலும் அதனால்தான் தகராறு. மூன்று கிலோமீட்டர் ஓட்டத்துக்கு வந்த கூட்டத்தை ஸ்டார்ட் மேட்டின் மேலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். பலருக்குத் தொடக்க நேரம் பதிவாகாமல், மைக்கில் ஃபிளாக் ஆஃப் சொன்ன நேரத்திலிருந்தே கணக்காகிவிட்டது. உங்கள் பக்கம் செய்யக்கூடியது: பிப்பை மடிக்காதீர்கள், மேலே பாட்டில் பெல்ட் கட்டாதீர்கள், நெஞ்சில் நேராகக் குத்துங்கள். தண்ணீருக்கும் ஈர உடம்புக்கும் பின்னால் இருக்கும் சிப் பதிவாகாது.

பணம் யார் கணக்குக்குப் போகிறது என்பதையும் பாருங்கள். தனி ஆளின் ஜிபே எண் என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். நல்ல காரியத்துக்கான ஓட்டம் என்றால் டிரஸ்ட்டின் பதிவு எண்ணையும், நன்கொடை என்று தனியாக வாங்கினால் வருமான வரிச் சலுகைக்கான ரசீதையும் கேளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தேதி வைத்தால், மழையில் தள்ளிப்போனால் பணம் திரும்புமா என்ற வரியைத் தேடிப் படியுங்கள். வடகிழக்குப் பருவமழையை எதிர்பாராத இயற்கைச் சீற்றம் என்று டெல்டாவில் எழுதுகிறவர்களை என்ன சொல்வது?

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: வாட்சின் மூலப் பதிவை ஃபைலாக இறக்கி வையுங்கள், ஸ்கிரீன்ஷாட் போதாது. கட்டண ரசீது, பிப் போட்டோ, அவர்கள் வெளியிட்ட ரூட் மேப், இத்தனை தண்ணீர் நிலையம் என்று சொன்ன விளம்பரம், எல்லாவற்றையும் அவர்கள் அழிக்கும் முன் சேமியுங்கள். பத்துப் பேர் சேர்ந்து ஒரே மெயிலாக அனுப்புங்கள்; தனித்தனியாகப் போனால் ‘உங்க வாட்ச் அப்படி’ என்று முடித்துவிடுவார்கள். பதில் வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், ரேஸ் நடந்த ஊருக்குப் போகாமல் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். சமாதானமாக இப்போது அவர்கள் அனுப்பிவரும் ‘அடுத்த ஆண்டு இலவசப் பதிவு’ கூப்பனை வாங்கினால், இத்துடன் புகார் ஏதுமில்லை என்ற வரியும் கீழே பொடி எழுத்தில் இருக்கிறது. அதை டிக் செய்யாமல் கூப்பன் வராது.