என்பிஏ வீடியோ ரூல்புக்: சார்ஜா பிளாக்கானு குழம்புறவங்க கண்டிப்பா பாருங்க

பத்து வருஷத்துக்கு மேல பாஸ்கெட்பால் ஆடுறேன், காலைல எந்திரிச்சு அமெரிக்க புரொஃபஷனல் லீக்கான என்பிஏவும் பார்க்குறேன், ஆனா டிரைவ் பண்றவனும், அதாவது பாலோட கூடைய நோக்கிப் பாயுறவனும், அவன தடுக்குற டிஃபென்டரும் மோதி ரெண்டு பேரும் கீழ விழுந்தா அது யாரோட ஃபவுல் (பாயுறவன் மேலன்னா சார்ஜ், டிஃபென்டர் மேலன்னா பிளாக்)னு போன மாசம் வரைக்கும் உறுதியா சொல்லத் தெரியாது. எங்க கோர்ட்ல எல்லாரும் கத்துறது ஒண்ணுதான், "சார் அவன் நிக்கல சார், மூவ் ஆனான் சார்". நானும் அதையேதான் கத்துவேன். அந்த நினைப்பே தப்புனு புரிய வச்சது என்பிஏவோட வீடியோ ரூல்புக், அதான் இத எழுதுறேன்.

விஷயம் சிம்பிள். ஒவ்வொரு ரூலுக்கும் நிஜ மேட்ச்ல இருந்து சின்னச் சின்ன கிளிப், கூடவே அது ஏன் ஃபவுல், ஏன் ஃபவுல் இல்லனு சில வரி விளக்கம். காசு கிடையாது. டிராவலிங் (பால தட்டாம அடி வச்சு நடக்குறது) மாதிரி மத்ததும் இருக்கு, நான் நேரா பிளாக் சார்ஜ் பக்கம் போயிட்டேன்.

அங்க முதல்ல உடைஞ்சது அந்த "நிக்கணும்" கதைதான். டிஃபென்டர் சிலை மாதிரி நிக்கணும்னு ரூலே இல்ல, லீகல் பொசிஷன், அதாவது வர்றவன் பாதைல முறையா இடம் எடுத்துட்டான்னா அதுக்கப்புறம் பின்னாடி போகலாம், பக்கவாட்டுல நகரலாம், நேரா மேல குதிக்கலாம், பால் வச்சிருக்கிறவன் வந்து அவன் நெஞ்சுல இடிச்சா அது சார்ஜ்தான். கேள்வி நிக்கிறானா நகர்றானாங்கிறது இல்ல, எப்போ வந்து சேர்ந்தான்ங்கிறதுதான். என்பிஏல ஷாட்டுக்குப் போறவன் பால தூக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே டிஃபென்டர் அவன் பாதைல உடம்ப வச்சிருக்கணும், ஒரு நொடி லேட்டா சறுக்கிட்டு வந்து இடுப்பையோ தோளையோ நீட்டுனா பிளாக், ரெஃப்ரி ரெண்டு கையும் இடுப்புல வச்சிடுவார்.

அடுத்து அந்த அரைவட்டம். 1997-98 சீசன்ல என்பிஏ கூடைக்குக் கீழ 4 அடி அரைவட்டத்த வச்சது, கூட ஆடுறவனுக்கு ஹெல்ப்புக்கு வர்ற டிஃபென்டர் அதுக்குள்ள நின்னு சார்ஜ் வாங்கக் கூடாதுனு. இதனால நம்ம ஆளுங்க கோட்டுக்கு வெளிய நின்னா தானா சார்ஜ்னு நினைச்சிக்கிறாங்க. அப்படி இல்லவே இல்ல. 2018 என்பிஏ ஃபைனல்ஸ்ல கேவலியர்ஸ், வாரியர்ஸ் மோதுன முதல் மேட்ச ஞாபகம் வச்சிக்கோங்க, கேவலியர்ஸ் 104-102 முன்னால இருக்கு, 36.4 செகண்ட் மிச்சம், வாரியர்ஸ் டியூரன்ட் டிரைவ் போறார், கேவலியர்ஸ் லெப்ரான் குறுக்க வந்து விழறார், சார்ஜ்னு விசில். அப்புறம் ரீப்ளே பார்த்துட்டு பிளாக்னு மாத்திட்டாங்க, டியூரன்ட் ரெண்டு ஃப்ரீ த்ரோவும் போட்டு சமமாக்கிட்டார், ஓவர்டைம்ல வாரியர்ஸ் 124-114. லெப்ரான் அரைவட்டத்துக்கு நல்லா வெளியதான் இருந்தார். ஆனா அந்த நேரத்துல லீகல் பொசிஷன்ல இல்ல. அன்னைக்கு எனக்கு அநியாயமா பட்டுச்சு, வீடியோ ரூல்புக்ல வரிசையா கிளிப் பார்த்துட்டு அந்தக் காட்சிய மறுபடி போட்டுப் பார்த்தேன், அவர் இன்னும் திரும்பிக்கிட்டே இருக்கார், தெளிவா தெரியுது. அந்த நேரத்துல ரெஃப்ரி முடிவ அப்படி மாத்துனது எவ்வளவு கொடுமைனு மனசு இன்னும் சொல்லுது, ஆனா ரூல்படி சரி.

ஒரு விஷயம் மட்டும் கவனமா இருங்க. இது என்பிஏ ரூல். நம்ம ஊர் டோர்னமென்ட் எல்லாம் சர்வதேச பாஸ்கெட்பால் அமைப்பான ஃபிபாவோட ரூல், அதுல அரைவட்டம் 1.25 மீட்டர், 2010ல வந்தது, அளவு கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா டிஃபென்டர் வந்து சேர வேண்டிய நேரம் வேற, அட்டாக்கர் தரைய விட்டு எழும்புறதுக்குள்ள இடத்துல இருந்தா போதும். அதனால ஒரே மோதல் அங்க பிளாக், இங்க சார்ஜ்னு ஆகலாம். அமெரிக்க காலேஜ் பாஸ்கெட்பால்ல இன்னும் மாறும், 2023-24ல இருந்து ஆண்கள் ஆட்டத்துல அட்டாக்கர் குதிக்கக் கால ஊன்றதுக்கு முன்னாடியே இருக்கணும். டிவில இதெல்லாம் மாத்தி மாத்திப் பார்க்குறவனுக்குக் குழப்பம் வராம என்ன செய்யும், இது ஆளோட தப்பே இல்ல.

விளக்கம் எல்லாம் இங்கிலீஷ்தான், ஆனா கிளிப்ப ஓட விட்டாலே பாதி புரியும். ஸ்கூல் பசங்களுக்குக் கோச்சிங் குடுக்கிறவங்க, லோக்கல் மேட்ச்ல விசில் பிடிக்கிறவங்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. பார்க்கும்போது பால பார்க்காதீங்க, ரெஃப்ரி மாதிரி டிஃபென்டர மட்டும் பாருங்க, அட்டாக்கர் பால தூக்குற அந்த ஃப்ரேம்ல நிறுத்தி டிஃபென்டரோட நெஞ்சு எங்க இருக்குனு பார்த்துட்டு நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க, அதுக்கப்புறம் விளக்கத்தப் படிங்க. முதல் நாள் எனக்குப் பாதிக்கு மேல தப்பு, இப்போ பரவால்ல.