முத்தியால்பேட்டையில் வாங்கிய ஆறு மாத்திரைகள்

மூன்று வார விடுப்பில் பாரிஸிலிருந்து புதுச்சேரிக்கு வந்த ஐந்தாம் நாள், 72 வயதாகும் அப்பாவுக்கு நீர்க்கடுப்பும் லேசான காய்ச்சலும் கண்டன. அன்று ஞாயிற்றுக்கிழமை, அவர் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் ஊரில் இல்லை. முத்தியால்பேட்டையில் எங்கள் தெருமுனை மருந்துக்கடையில் விவரம் சொன்னதும், கடைக்காரர் சிப்ரோஃப்ளாக்ஸாசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியின் 500 மில்லிகிராம் மாத்திரைகள் ஆறும், வயிற்றெரிச்சல் வராமலிருக்க அமிலமுறி திரவம் ஒரு பாட்டிலும் எடுத்துக் கொடுத்தார். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தது. மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்து என்பதற்கு அதுதான் அடையாளம். அட்டையை வெட்டிக் கொடுத்ததால் காலாவதித் தேதி கடையிலேயே தங்கிவிட்டது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அப்பா வேறு என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

அப்பா இளைப்புக்காகப் பல ஆண்டுகளாக டெரிஃபிலின் சாப்பிடுகிறார். அதிலுள்ள தியோஃபிலினும் சிப்ரோஃப்ளாக்ஸாசினும் ஒன்றையொன்று எப்படித் தொடுகின்றன என்பதை அடுத்த மூன்று நாட்களில் அறிந்துகொண்டேன்.

முதல் நாள் மாத்திரையையும் அமிலமுறியையும் அப்பா சேர்த்தே சாப்பிட்டார். காய்ச்சல் இறங்கவில்லை. இந்த மருந்து குடலிலிருந்து ஏறத்தாழ 70 விழுக்காடு இரத்தத்தில் சேர வேண்டியது. ஆனால் அமிலமுறியிலுள்ள அலுமினியமும் மக்னீசியமும் அதைப் பற்றிக்கொண்டு கரையாத கூட்டாக்கிவிடுகின்றன. இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளும் அப்படியே; வெறும் பாலோ தயிரோ மட்டும் சேர்த்து விழுங்கினாலும் மருந்து குறைவாகவே ஏறும். இத்தகைய அமிலமுறிக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போதான் சிப்ரோஃப்ளாக்ஸாசினைச் சாப்பிட வேண்டும்.

மறுநாள், திரவத்தின் சுவை பிடிக்கவில்லை என்று அப்பா அதை ஒதுக்கிவிட்டார். காய்ச்சல் தணிந்தது, மருந்து இப்போதுதான் முழுமையாக உள்ளே போகிறது என்பது எங்களுக்குத் தெரியாது. அதற்கடுத்த இரவு அவருக்கு நெஞ்சு படபடத்தது, கைகள் நடுங்கின, குமட்டல் எடுத்தது, விடியும்வரை தூக்கம் வரவில்லை. அம்மா வழக்கம்போல் இரண்டு வேளையும் காபி போட்டுக் கொடுத்திருந்தார். காபியிலுள்ள காஃபீனையும் தியோஃபிலினையும் உடைத்து வெளியேற்றுவதில் கல்லீரலின் சி.ஒய்.பி.1ஏ2 என்னும் ஒரே நொதிக்குப் பெரும் பங்குண்டு. சிப்ரோஃப்ளாக்ஸாசின் அந்த நொதியின் வேலையைத் தடுக்கிறது. ஆகவே, வழக்கமான அளவில் சாப்பிட்ட டெரிஃபிலின்கூட இரத்தத்தில் தேங்கி, அதிக அளவு உண்டதைப் போன்ற விளைவைத் தருகிறது. தியோஃபிலினில் பயன் தரும் அளவுக்கும் நச்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. முற்றினால் வலிப்பு வரையும் போகக்கூடும். இதை எழுதும்போதும் என் மனம் பதைக்கிறது.

விடிந்ததும் கோரிமேட்டிலுள்ள ஜிப்மருக்கு அழைத்துச் சென்றோம். கூட்டம் நிறைந்த இடம், காத்திருப்பும் நீண்டது; எனினும் அங்கிருந்த இளம் மருத்துவர் முதலில் கேட்டது, "வீட்டிலுள்ள எல்லா மாத்திரையும் கொண்டு வந்தீங்களா ஐயா?" என்பதுதான். பையைக் கொட்டியதும் டெரிஃபிலினை எடுத்துத் தனியே வைத்தார். இதயத்துடிப்பு வரைபடம் எடுத்தார், டெரிஃபிலினையும் காபியையும் நிறுத்தச் சொன்னார். சிப்ரோஃப்ளாக்ஸாசினுக்குப் பதிலாக அந்த நொதியைத் தொடாத செஃபிக்ஸிமை எழுதினார். எந்தக் கிருமி என்று அறிய, சிறுநீரைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்குக் கொடுத்தோம். முதல் மாத்திரைக்கு முன்பே கொடுத்திருந்தால் முடிவு தெளிவாக இருந்திருக்கும் என்றார். முதுகுவலிக்கென அப்பா வைத்திருந்த டிசானிடினைக் கண்டதும் அவர் முகம் மாறிவிட்டது. சிப்ரோஃப்ளாக்ஸாசினோடு அதைச் சேர்க்கவே கூடாது, இரத்த அழுத்தம் மிகவும் சரிந்துவிடும் என்றார். நல்லவேளையாக அந்த வாரம் அப்பா அதைத் தொடவில்லை. 60 வயதைக் கடந்தவர்களுக்கு, அதிலும் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, சிப்ரோஃப்ளாக்ஸாசின் வகை மருந்தால் குதிகாலின் தசைநாண் அறுபடும் அபாயமும் கூடுதல் என்பதால், குதிகாலில் வலி உண்டா என்று அழுத்திப் பார்த்தார்.

பிரான்சில் என் குடும்பத்துக்கு மருந்து கொடுப்பவர், முந்தைய மாதங்களில் நாங்கள் வாங்கியவற்றைக் கணினியில் பார்த்துவிட்டுத்தான் பெட்டியை நீட்டுவார். அந்த ஏற்பாடு தெருமுனைக் கடையில் இல்லாததைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு கேள்விக்குக் கணினி தேவையில்லை என்பதே என் வருத்தம்.

இரண்டு நாளில் நடுக்கம் நின்று அப்பா தூங்கத் தொடங்கினார். கிளம்புவதற்கு முன் அதே கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். கடைக்காரர் அதிர்ந்துபோனார். "தியோஃபிலின் சாப்பிடுறவங்களுக்கு இது ஆகாதுன்னு படிச்சிருக்கேன் சார், அப்பாகிட்ட கேக்கணும்னு தோணலையே" என்றார். அப்பா சாப்பிடும் எல்லா மருந்துகளையும் தமிழில் எழுதி இரண்டு படி எடுத்தேன். ஒன்றை அவர் தம் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டார், மற்றொன்று அப்பாவின் சட்டைப்பையில் இருக்கிறது.