ஆல்ஃபாஃபோல்டு தரவுத்தளம்: மருந்து ஆய்வு வகுப்பிலிருந்து ஒரு மதிப்பீடு

களியக்காவிளைக்கு அருகில் ஒரு பார்மசி கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். மார்த்தாண்டத்திலிருந்தும் பாறசாலையிலிருந்தும் வரும் எங்கள் மாணவர்களின் ஆய்வுத் திட்டங்கள் பெரும்பாலும் ஆல்ஃபாஃபோல்டு புரத அமைப்புத் தரவுத்தளத்தை நம்பியே நடக்கின்றன. கூகுளைச் சேர்ந்த டீப்மைண்டும் ஐரோப்பிய உயிர்தகவலியல் நிறுவனமும் சேர்ந்து 2021இல் திறந்த இத்தளத்தில், செயற்கை நுண்ணறிவால் கணிக்கப்பட்ட 20 கோடிக்கும் மேற்பட்ட புரத அமைப்புகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. புரத அமைப்பைச் சோதனை வழியே கண்டறியும் எக்ஸ்-ரே படிகவியல் கருவி வாங்க வழியில்லாத கல்லூரிகளுக்கு இது பெரும் கொடை.

தன் கணிப்பில் எந்தப் பகுதி உறுதியானது, எந்தப் பகுதி ஐயத்துக்குரியது என்பதைத் தானே சொல்லிவிடுவதுதான் இத்தளத்தின் தலையாய சிறப்பு. ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் 100க்கு இவ்வளவு என்று நம்பக மதிப்பெண் உண்டு. 90க்கு மேல் அடர்நீலம், 70க்கு மேல் வெளிர்நீலம், 50க்கு மேல் மஞ்சள், அதற்கும் கீழே ஆரஞ்சு. கோப்பைத் தரவிறக்கிய பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. மதிப்பெண் நிறமாக அல்லாமல், பி-ஃபேக்டர் (அணுவின் அசைவைக் காட்டும் எண்) இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண்ணாக எழுதப்பட்டிருப்பதால், பைமோல் என்னும் மூலக்கூறுப் பட மென்பொருளில் திறந்தவுடன் நிறங்கள் மறைந்து புரதம் முழுவதும் ஒரே பச்சையாகத் தெரிகிறது. போதாததற்கு, படிகவியல் கோப்பில் பி-ஃபேக்டர் கூடினால் அணுவின் இருப்பிடம் உறுதியற்றது என்று பொருள். இங்கோ எண் கூடக் கூட உறுதியும் கூடுகிறது. மஞ்சளும் ஆரஞ்சுமாக இருந்திருக்க வேண்டிய ஒரு தளர்ந்த வளைவுக்குள் கீழாநெல்லிச் சேர்மத்தை டாக்கிங் செய்து (புரதத்தில் அது எப்படிப் பொருந்தும் என்று கணினியில் கணித்து), நன்றாகப் பொருந்துகிறது என்று முடிவு எழுதிய திட்ட அறிக்கை என் மேசைக்கு வந்திருக்கிறது. அந்த முடிவை நம்பி யாரேனும் எலிகளில் சோதனை தொடங்கினால், பணத்தோடு உயிர்களும் வீணாகும். ஆகவே, படத்தில் நம்பக நிறங்கள் இருக்க வேண்டும், மருந்து பிணையும் குழியிலுள்ள ஒவ்வோர் அமினோ அமிலத்தின் மதிப்பெண்ணும் அட்டவணையில் வர வேண்டும், சோதனை வழியே கண்டறிந்த அமைப்பு ஏற்கெனவே உள்ளதா என்று முதலில் தேட வேண்டும் என்று வகுப்பில் வற்புறுத்துகிறேன்.

2024இல் வந்த ஆல்ஃபாஃபோல்டு சர்வர் வேறு வகை; பயனர் கேட்கும் அமைப்பை அது புதிதாகக் கணித்துத் தருகிறது. அதன் விதிமுறைகள் வணிகப் பயன்பாட்டைத் தடுப்பதோடு, முடிவுகளை டாக்கிங் மென்பொருளில் இடுவதையும் தடுக்கின்றன. இதைப் படிக்காமல் பயன்படுத்துவோர் பலர். நான் மாணவர்களைத் தரவுத்தளத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மூலிகைச் சேர்மங்களைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் இன்னொன்றும் கேட்கிறேன்: இந்த அறிவு யாருடையது? அகத்தியமலைக் காணிப் பழங்குடி மக்கள் சொல்லிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சை மூலிகையிலிருந்து 'ஜீவனி' மருந்து உருவானபோது வருவாயில் அவர்களுக்கும் பங்கு ஒதுக்கப்பட்ட மண் இது. கணினியில் தேடினாலும் அந்தக் கடன் அறிக்கையில் பதிவாக வேண்டும்.

தரவுத்தளத்துக்கு 5க்கு 4.5 தருவேன். தரவிறக்கும் பொத்தானுக்கு அருகிலேயே பி-ஃபேக்டர் பற்றி ஒரு வரி எச்சரிக்கை எழுதிவைத்தால் மீதி அரையையும் தயங்காமல் தருவேன்.