ஏஎம்ஹெச் டெஸ்ட்டும் ஃபாலிக்கிள் ஸ்கேனும்: கணக்கு எவ்வளவு பலித்தது?

எனக்கு 36 வயது. ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறை) சிகிச்சை தொடங்குமுன், முட்டைகளை வளர்க்கும் ஊசி மருந்துக்கு என் சினைப்பை எப்படி ஈடுகொடுக்கும் என்று பார்க்க டாக்டர் இரண்டு சோதனைகள் எழுதிக் கொடுத்தார். சினைப்பையில் சுரக்கும் ஒரு ஹார்மோனை அளக்கும் ஏஎம்ஹெச் ரத்தப் பரிசோதனை ஒன்று, முட்டை வளரும் சின்னப் பைகளை (ஃபாலிக்கிள்) எண்ணும் ஏஎஃப்சி என்கிற ஸ்கேன் ஒன்று. ஊசியெல்லாம் போட்டு முட்டையும் எடுத்தாகிவிட்டதால், கணிப்பு பலித்ததா என்று இப்போது சொல்ல முடியும்.

ஏஎம்ஹெச்சுக்கு ரத்தம் கொடுப்பது சுலபம். மாதவிடாயின் எந்த நாளிலும் கொடுக்கலாம், வெறும் வயிறு வேண்டாம். ரிப்போர்ட்தான் படுத்திவிட்டது. 8.2 என்று போட்டிருந்தார்கள், ஒரு வரி விளக்கம் கிடையாது. ராத்திரி போனில் தேடினால், 8 என்றால் ரொம்ப அதிகம், ஊசி போட்டால் சினைப்பை வீங்கி வயிற்றில் நீர் கோக்கலாம் என்று வருகிறது. தூக்கம் போச்சு. மறுநாள் டாக்டர் பேனாவால் ஒரு மூலையைத் தொட்டுக் காட்டினார். எறும்பு சைஸில் பிக்கோமோல் என்று அலகு போட்டிருந்தது. நான் பார்த்த அட்டவணையோ நானோகிராம் கணக்கு. நானோகிராமுக்கு மாற்ற 8.2ஐ 7.14ஆல் வகுத்தால் சுமார் 1.15. அதிகமாவது ஒன்றாவது, குறைவு என்று சொல்லும் எல்லையை ஒட்டித்தான் நிற்கிறேன். விடிய விடியப் பயந்தது தப்பான பக்கத்துக்கு! அந்த லேபுக்கு இனி போக மாட்டேன்.

ஸ்கேன் வேறு ரகம். மாதவிடாயின் மூன்றாம் நாள், பிறப்புறுப்பு வழியாக எடுக்கிறார்கள். வலி இல்லை, சங்கடம் உண்டு. திரையில் சாம்பல் நிறத்துக்கு நடுவே கறுப்புக் கறுப்பாகப் பொட்டுகள், அவைதான் ஃபாலிக்கிள்கள். 2 முதல் 10 மில்லிமீட்டர் வரை இருப்பவற்றைத்தான் எண்ணுவார்களாம். ஸ்கேன் டாக்டர் வாய்விட்டு எண்ணினார். "இது மூணு... இருங்க, இதை ஏற்கெனவே எண்ணிட்டேனா?" என்று பின்னால் போய் மறுபடி ஆரம்பித்தார். அந்த ஒரு தயக்கத்திலேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. வலது பக்கம் 4, இடது பக்கம் 5.

இரண்டையும் வைத்து எங்கள் டாக்டர் சொன்னது: "ஆறிலிருந்து எட்டு முட்டை எதிர்பார்க்கலாம். மருந்தைக் கூட்டிக்கிட்டே போனா இருபது வந்துடாது." இதே ஸ்கேனில் 25 தெரிந்திருந்தால், சினைப்பை வீங்காமலிருக்க டோஸைக் குறைத்து, முட்டையை முதிரவைக்கும் கடைசி ஊசியையும் மாற்றியிருப்பாராம். அதாவது இந்தச் சோதனைகளின் வேலையே மருந்தை அளந்து கொடுப்பதுதான்.

வந்தது 7. கணக்கு பலித்தது. ஆனால் அதில் முதிர்ந்தவை 5, கருவானவை 3. இந்த எண்களை எந்த ரிப்போர்ட்டும் முன்கூட்டிச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஏஎம்ஹெச் சுரப்பது சின்ன ஃபாலிக்கிள்களைச் சுற்றியுள்ள செல்கள். அதனால் எத்தனை என்பதற்குத்தான் அது துப்பு. முட்டையின் தரத்துக்கு வயதைத்தான் பார்க்கிறார்கள்.

இன்னொன்று. சிகிச்சை எதுவும் யோசிக்காதவர்களும் சும்மா ஒரு ஏஎம்ஹெச் எடுத்துப் பார்த்து, குறைவு என்றதும் ஒடிந்துபோகிறார்கள். 2017ல் ஜாமா என்கிற அமெரிக்க மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 30 முதல் 44 வயது வரை, அதுவரை கருத்தரிப்பதில் பிரச்சினை என்று தெரியாத பெண்களைப் பார்த்தார்கள். ஏஎம்ஹெச் குறைவாக இருந்தவர்களும் மற்றவர்களைப் போலவே இயல்பாகக் கருத்தரித்தார்கள். அப்புறம், கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். எண் குறைத்துக் காட்டலாம்.

ரத்தப் பரிசோதனைக்கு ஐந்துக்கு மூன்று, அதுவும் அலகைப் பார்த்துப் படித்தால். ஸ்கேனுக்கு நாலரை. அரை மதிப்பெண் போனது அந்த அறையின் ஏசியால்.